எண்ணெய்க்காகக் கூடுகிறவர்கள் காலநிலைக்காக ஏன் கூடுவதில்லை?

சேலத்தில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "எண்ணெய் நாடுகள் உட்கார்ந்து பேசி, அடுத்த மாதத்திலிருந்து இத்தனை லட்சம் பீப்பாய் குறைப்போம் என்று முடிவெடுத்துவிடுகின்றன. அதே நாடுகள் காலநிலை மாநாட்டுக்கு வந்தால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வாரம் இழுக்கின்றன. ஏன்? சேலத்திலோ ஏற்காட்டிலோ நாங்கள் பதாகை பிடித்து நிற்பதால் இதில் ஏதாவது அசையுமா?"

முதல் பாதிக்குப் பதில் எளிது. இரண்டு இடத்திலும் அந்த நாடுகள் ஒரே வேலையைத்தான் பார்க்கின்றன: எண்ணெயில் வரும் காசைக் காப்பாற்றுவது. எண்ணெய்க் கூட்டணியின் தலைமையகம் இருக்கும் வியன்னாவில் ஒன்று சேர்ந்தால் காசு நிற்கும். காலநிலை மாநாட்டில் ஒன்று சேராமல் இருந்தால் காசு நிற்கும். இரண்டாம் பாதிதான் சிக்கல். அசையும், ஆனால் யார் யார் சேர்ந்து, எதைக் கேட்டு நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் மாவட்டத்தில் 2018ஆம் ஆண்டு நடந்த இரண்டு போராட்டங்களை வைத்தே இதைச் சொல்ல முடியும். அதற்கு முன்னால் எண்ணெய்க் கூட்டணியின் சூட்சுமத்தைப் பார்த்துவிடலாம்.

1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஈரான், இராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுவேலா என்று ஐந்து நாடுகள் சேர்ந்து, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கைத் தொடங்கின. அதுவரை விலையை நிர்ணயித்தது மேற்கத்திய எண்ணெய் கம்பெனிகள். அந்த ஆகஸ்டில், எண்ணெய் யார் மண்ணிலிருந்து வருகிறதோ அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் விலையைக் குறைத்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஒபெக். சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க சேகோசர்வ் போதும். மரவள்ளி அரைக்கும் ஆலைக்காரர்கள் தனித்தனியாக வியாபாரி முன்னால் போய் நின்றால் விலை அடிபடும் என்பதால்தானே 1981இல் கூட்டுறவு சங்கம் வைத்து, ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் ஒரே இடத்தில் குவித்து விற்க ஆரம்பித்தார்கள்? ஒபெக்கிலும் அதே கணக்குதான், அதே தலைவலியும்தான். எல்லாரும் சேர்ந்து விலையைத் தூக்கிப் பிடிக்கும்போது, பின்கதவு வழியாகக் கொஞ்சம் கூடுதலாக விற்பவனுக்குக் கொள்ளை லாபம்.

இந்தத் தலைவலிக்கு அவர்கள் கண்ட வைத்தியம்தான் கவனிக்க வேண்டியது. ஓர் உறுப்பு நாடு "நான் இவ்வளவுதான் எடுத்தேன்" என்று கொடுக்கும் கணக்கை ஒபெக் அப்படியே ஏற்பதில்லை. கப்பல் போக்குவரத்தையும் சந்தையையும் கண்காணிக்கும் வெளி நிறுவனங்களின் மதிப்பீட்டை வைத்துத்தான் யார் ஒதுக்கீட்டை மீறினார்கள் என்று பார்க்கிறார்கள். மீறியவர் அடுத்து வரும் மாதங்களில் அந்த அளவைக் குறைத்து ஈடுகட்ட வேண்டும். இராக்கும் கஜகஸ்தானும் இப்படி ஈடுகட்டும் அட்டவணை கொடுத்திருக்கின்றன. அதற்கும் மசியாவிட்டால் பெரிய அண்ணன் கோபப்படுவார். 1980களின் முற்பாதியில் மற்றவர்கள் எல்லாம் அளவை மீற, சவுதி மட்டும் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1985இல் பொறுமை போய்க் குழாயைத் திறந்துவிட்டது. 27, 28 டாலரில் இருந்த பீப்பாய் 1986இல் 10 டாலருக்கும் கீழே போனது. ஏமாற்றியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடி.

2016 டிசம்பரில் ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து இது ஒபெக் பிளஸ் ஆனது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் உலகமே வீட்டில் கிடந்தபோது, ஒரு நாளைக்கு 97 லட்சம் பீப்பாய் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். உலகம் சாதாரணமாக ஒரு நாளைக்குக் குடிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இது. எந்தக் காலநிலை ஒப்பந்தமும் கனவிலும் கேட்காத அளவை, சில நாள் பேச்சில் குறைத்துக் காட்டினார்கள். குறைக்க முடியாது என்பதெல்லாம் பேச்சு. விலை சரியும்போது குறைக்க முடிகிறது.

அந்தச் சமயத்தில் நம் ஊர் பங்க்குகளில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. மே முதல் வாரத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றியது. மாநில அரசும் தன் பங்குக்கு மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தியது. விலை இறங்கினால் அரசுக்கு, ஏறினால் நமக்கு. லாரிக்காரர்களின் நெடுநாள் ஆத்திரத்துக்கு இந்தப் போக்குதான் வேர், பின்னால் இது தேவைப்படும்.

வாங்குகிற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதில் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குப் பக்கத்தில் ஏறியது. அடுத்த ஆண்டே பணக்கார நாடுகள் பாரிஸில் சர்வதேச எரிசக்தி முகமையை அமைத்தன. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் 90 நாள் இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. இந்தியா 2017இல் அதன் இணை உறுப்பினரானது. நம்மிடம் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் வைக்கும் குகைகள் இருக்கின்றன. நாட்டின் பத்து நாள் தேவைக்குக் கொஞ்சம் குறைவு. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிற நாடு நாம். 1990இல் இராக் குவைத்துக்குள் நுழைந்து விலை ஏறியதும் அந்நியச் செலாவணி கரைந்து, அடுத்த ஆண்டு தங்கத்தை அடகு வைத்தோம். அதனால்தான் 2022க்குப் பிறகு ரஷ்யா தள்ளுபடியில் கொடுத்ததும், 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏறியது. இதில் நல்லது கெட்டது பேசுவதில் பயனில்லை. டெல்லியில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

சரி, காலநிலைப் பக்கம் வருவோம். 1992இல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தம். 1995இல் பெர்லினில் முதல் மாநாடு. ஒருமித்து வராவிட்டால் எத்தனை பங்கு ஓட்டில் முடிவெடுப்பது என்ற விதியை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எண்ணெய் நாடுகள் முட்டுக்கட்டை போட்டதில் அந்த விதி இன்றுவரை ஏற்கப்படவில்லை. ஆகவே எல்லாரும் தலையாட்டினால்தான் எதுவும் நகரும், ஒருவர் முறைத்தால் போதும் நின்றுவிடும். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துப் பாருங்கள், நிலக்கரி, எண்ணெய் என்ற சொற்களே இருக்காது. நோய்க்கு மருத்துவம் எழுதிவிட்டு நோயின் பெயரை எழுதாத சீட்டு. 2023 துபாய் மாநாட்டில்தான் முதன்முறையாகப் புதைபடிவ எரிபொருள் அனைத்திலிருந்தும் விலகிச் செல்வது என்ற வரி வந்தது. அந்த மாநாட்டின் தலைவர் அபுதாபி அரசு எண்ணெய் கம்பெனியின் தலைவர் சுல்தான் அல் ஜாபர். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஒபெக் பொதுச்செயலாளர், அப்படி எந்த வரியையும் ஏற்காதீர்கள் என்று உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார், அதுவும் வெளியே வந்துவிட்டது. ஒரு வரிக்கே இத்தனை பதற்றம். அந்த வரியில் யார், எத்தனை பீப்பாய், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் கிடையாது. அளக்க வெளியாள் இல்லை. மீறினால் வலியும் இல்லை.

எண்ணெயை எடுக்காமல் விடுவதற்காகவே ஒரு சர்வதேச ஒத்துழைப்பு ஒருமுறை முயற்சி செய்யப்பட்டது. ஈக்வடாரின் யசூனி காடு. அதன் அடியில் கிடக்கும் எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், அதன் மதிப்பில் பாதியாக 360 கோடி டாலரை உலகம் கொடுக்கட்டும் என்று 2007இல் அன்றைய அதிபர் கொரேயா கேட்டார். ஐ.நா. மேற்பார்வையில் நிதியமும் அமைந்தது. கைக்கு வந்தது சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல் எழுதிவிட்டுப் போனார்கள். 2013இல் திட்டத்தைக் கைவிட்டு, 2016இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. இளைஞர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வாக்கெடுப்பு நடத்து என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு லட்சத்துக்கும் மேல். தேர்தல் ஆணையம் லட்சக்கணக்கில் செல்லாது என்று தள்ளியது. வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2023 ஆகஸ்டில் வாக்கெடுப்பை வாங்கியே விட்டார்கள். 59 சதவீதம் பேர் எண்ணெய் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று போட்டார்கள். கிணறுகளை மூடும் வேலையை அரசு இழுத்தடிக்கிறது, அது வேறு. ஆனால் உலகத் தலைவர்களால் முடியாததை அவர்களால் செய்ய முடிந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதே ஈக்வடாரில் 2019 அக்டோபரில் அரசு டீசல் மானியத்தை ஒரே ஆணையில் வெட்டியது. டீசல் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. முதலில் வண்டியை நிறுத்தியது போக்குவரத்துத் தொழிலாளர்கள். அவர்கள் ஒன்றிரண்டு நாளில் விலகிக்கொள்ள, மலைகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் பழங்குடி மக்கள் தலைநகருக்கு இறங்கிவந்து போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. நான்கு ஆண்டு கழித்து யசூனி வாக்கெடுப்பில் எண்ணெய்க்கு எதிராக முன்னால் நின்றதும் அதே பழங்குடிக் கூட்டமைப்புதான். டீசல் விலையை ஏற்றாதே என்பதும், எண்ணெயை எடுக்காதே என்பதும் ஒரே வாயில் வந்தன. முரண்பாடு என்று தோன்றும். அவர்களைக் கேட்டால் இரண்டும் ஒரே வாதம்தான்: எங்கள் நிலத்தைத் தோண்டியும் கஜானாவை நிரப்பாதே, எங்கள் பஸ் கட்டணத்தை ஏற்றியும் நிரப்பாதே.

இப்போது 2018 சேலம். அந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே இருந்தவர்களுக்கு எட்டு வழிச்சாலை நினைவிருக்கும். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். குப்பனூர் பக்கம், மஞ்சவாடிக் கணவாய், அப்படியே தர்மபுரி, திருவண்ணாமலை என்று போகும் பாதை. அளக்க வந்தவர்களை வயலிலேயே மறித்தார்கள், கைதுகள் நடந்தன, கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். அரசு தரப்பு வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? தூரம் 60 கிலோமீட்டர் குறையும், டீசல் மிச்சமாகும். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், திட்டத்துக்குத் தடை இல்லை, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிக்கொண்டு புதிதாக அறிவிப்பு வெளியிடலாம் என்றது. காகிதத்தில் விவசாயிகள் தோற்றார்கள். சாலை இன்னும் வரவில்லை.

அதே 2018 ஜூலை 20ஆம் தேதி நாடு முழுக்க லாரிகள் நின்றன. எட்டு நாள். டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டு வா, டோல்கேட் கட்டணத்தை எடு, மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தைக் குறை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள் வரிசையாக நின்றன. வயலில் நின்றவர்களும் சாலையோரம் நின்றவர்களும் ஒரே வட்டாரம், பல இடங்களில் ஒரே சொந்தபந்தம். இருவரின் சண்டையும் கடைசியில் எண்ணெய் பற்றியது. ஆனால் ஒருவர் மேடையில் மற்றவர் ஏறவில்லை. லாரிக்காரர்களுக்கு விவசாயிகள் சாலைக்கு எதிரிகள். விவசாயிகளுக்கும் அவர்களோடு வந்த சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கும் லாரிக்காரர்கள் டீசல் கேட்பவர்கள். ஈக்வடாரில் சேர்ந்தது இங்கே சேரவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

காலநிலை பேசுகிறவர்கள் லாரிக்காரர்களின் கணக்கை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். என் மைத்துனர் சங்ககிரியில் இரண்டு வண்டி வைத்திருக்கிறார், இரண்டும் ஃபைனான்ஸில் ஓடுபவை. அவருடைய டிரிப் நோட்டில் ஒரு பக்கம் எடுத்தால்: சேலம் முதல் மும்பை, சுமார் 1,200 கிலோமீட்டர். முழு லோடு ஏற்றிய பெரிய வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம், ஆக 300 லிட்டர். மொத்தச் செலவில் பாதிக்குப் பக்கம் டீசலே தின்றுவிடும். அதற்குக் கீழே டோல், டிரைவர் பேட்டா, ஏற்று கூலி, அப்புறம் "வழிச்செலவு" என்று மரியாதையாக எழுதிவைக்கும் அந்த இன்னொரு செலவு. ரிட்டன் லோடு கிடைக்க நான்கு நாள் காத்திருந்தால் மிச்சம் என்று ஒன்றுமே இருக்காது, அந்த மாதத் தவணை மட்டும் இருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். மும்பைக்கு ஒரு நடையில் 800 கிலோ. காலியாகத் திரும்பினாலும் நூற்றுக்கணக்கில் போகும். அந்த நோட்டில் அவர் குறைக்க ஆசைப்படும் வரியும், நீங்கள் குறைக்க ஆசைப்படும் வரியும் ஒன்றுதான். அதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் சண்டை.

டீசல் மேல் வரி போட்டுக் குறைக்கலாம் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்லும். நானே அதை வகுப்பில் பல வருடம் நடத்தியிருக்கிறேன். அதே 2018 நவம்பரில் பிரான்சில் அதைத்தான் செய்தார்கள். மாற்று வழி எதுவும் காட்டாமல் காலநிலையின் பெயரால் எரிபொருள் வரியை ஏற்றப்போக, மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு ஊர்ப்புற மக்கள் சாலை மறித்தார்கள். டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது. பஸ் இல்லாத ஊரில் கார் ஓட்டுபவனைத் தண்டித்தால் வேறென்ன நடக்கும்?

நம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு அரசியல் 2018க்கு முன்பே வந்துவிட்டது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட வயல்கள் வழியாக, சேலமும் அதில் ஒன்று. கொச்சி முனையத்துக்கு எரிவாயு கொடுக்க ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுக் களத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் 2009இலேயே போட்டாகிவிட்டது. சர்வதேச ஒத்துழைப்பு என்று தாளில் படிப்பது கடைசியில் ஒருவர் மாந்தோப்புக்கு அடியில்தான் வந்து சேரும். 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. சட்டத்தில் சொன்ன இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். பத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தென்னையைப் பிடுங்கச் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? 2013இல் மாநில அரசே விவசாயிகள் பக்கம் நின்று, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு தோற்றது.

டெல்டாவில் கதை வேறு மாதிரி போனது. மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பர் 30ஆம் தேதி இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் பட்டுக்கோட்டைப் பக்கம் காலமானார். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிராக ஊரே திரண்டது. 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று விதியை மாற்றியது. அடுத்த மாதமே தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு வாசல் அடைபட்டது. கவனியுங்கள், இந்தப் போராட்டங்களில் பேச்சு பெரும்பாலும் நிலத்தடி நீரைப் பற்றியும் சோற்றைப் பற்றியும்தான். எண்ணெயை மண்ணுக்குள் விட்டதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் காட்டு என்றால் யசூனிக்கு அடுத்து டெல்டாவைக் காட்டலாம். அதற்கு எந்தச் சர்வதேச மாநாடும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

பதாகை பற்றிக் கேட்டீர்கள். 2019 செப்டம்பரில் உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது, ஒரு பீப்பாய்கூடக் குறையவில்லை. அதே 2019இல் பசிபிக் தீவான வனுவாட்டுவில் 27 சட்ட மாணவர்கள் வேறொன்று செய்தார்கள். காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை நாடுகளுக்கு உண்டா என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு பசிபிக் தீவு அரசுகளை நச்சரித்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானமாக ஏற்றது. 2025 ஜூலை 23ஆம் தேதி நீதிமன்றம் கருத்து சொன்னது: கடமை உண்டு. புதைபடிவ எரிபொருளை எடுக்க உரிமம் தருவதும் மானியம் தருவதும்கூடத் தவறான செயலாகக் கருதப்படலாம். வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கியது அது. உங்கள் வயதுக்காரர்கள்தான்.

ஏற்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கே பேச வேண்டிய பாஷை வேறு. நாகலூர் பக்கம் ஒரு சிறு தோட்டக்காரரிடம் கார்பன் என்று ஆரம்பித்தால் மரியாதைக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். பூ மழை என்று ஆரம்பித்துப் பாருங்கள், பொழுது சாயும் வரை பேசுவார். அராபிகா செடி தை, மாசி வெயிலில் காய்ந்து நிற்க வேண்டும். பங்குனி, சித்திரையில் ஒரே ஒரு நல்ல மழை, 30 மில்லிமீட்டர் போல. எட்டு பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். முதல் மழை தூறலாகப் போனால் மொட்டு பாதியில் கருகும். மழை இல்லாமல் வெயில் நீண்டால் போரர் வரும். தண்டைத் துளைக்கும் வண்டு அது, வெயில் படும் தண்டைத் தேடிப்போய் முட்டையிடும். போரர் விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வைத்தியம் கிடையாது. புதிய செடி பலன் கொடுக்க மூன்று நான்கு வருடம். எல்லாப் பழியையும் வளைகுடா எண்ணெய் மேல் போட முடியாது என்பதையும் அவரே சொல்வார். விலை வந்ததென்று நிழலுக்கு நின்ற சில்வர் ஓக்கை வெட்டி விற்ற தோட்டங்களில்தான் போரர் முதலில் ஏறுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, இந்த மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலோரப் புயல் என்று நினைத்தது மலைக்கு வந்து சேர்ந்தது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்குக் காலநிலை வகுப்பு தேவையில்லை. அவர்களிடம் கேட்கத்தான் யாரும் வருவதில்லை.

ஆக, என்ன கேட்கலாம்? லாரிக்காரர், விவசாயி, தோட்டக்காரர் மூவரும் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கைகளைத் தேடுங்கள், இருக்கின்றன. கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் லோடு லாரியை அப்படியே ரயில் மேல் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். டிரைவர் தூங்கிக்கொண்டே போகலாம், டீசலும் டயரும் மிச்சம். சேலம் கோட்டத்திலிருந்து வடக்கே அப்படி ஒரு வண்டி வேண்டும் என்று லாரி சங்கமும் மாணவர்களும் சேர்ந்து கேட்டால் அதைக் காலநிலைக் கோரிக்கை என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள். மின்சார லாரிக்கு மத்திய அரசு 2025இல் 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தது, நாடு முழுக்க மொத்தம் 5,600 வண்டிகளுக்கு மட்டும். வண்டி விலையோ டீசல் லாரியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு அந்த ஊக்கத்தொகை எந்த மூலைக்கு? அவருக்குக் குறைந்த வட்டிக் கடன், சங்ககிரியில் பாடி கட்டும் பட்டறை ஆட்களுக்கு மின்சார வண்டிப் பயிற்சி, இவற்றைக் கேட்கலாம். மலையில் நிழல் மரம் வெட்டாமல் வைத்திருப்பவருக்கு ஏதாவது கிடைக்கும்படி கேட்கலாம். நிலம் பற்றியதானால், எந்தக் குழாய், எந்தச் சாலை வந்தாலும் கருத்துக் கேட்பு இல்லாமல் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். பருவநிலை மாற்றத்தின் கெடுதலிலிருந்து பாதுகாப்பு பெறுவது அரசியல் சாசன உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள், அதிகாரி மனுவை மடித்து வைப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

ஒபெக்கிடம் கற்றுக்கொள்ள வேண்டியதை மறக்க வேண்டாம்: அளவு, அதைச் சரிபார்க்க வெளியாள், மீறினால் விலை. "காலநிலையைக் காப்போம்" என்று தீர்மானம் போட்டால் அதைச் சரிபார்க்க யாராலும் முடியாது. "நம் பஞ்சாயத்தில் சில்வர் ஓக் வெட்ட எத்தனை பேருக்கு அனுமதி கொடுத்தார்கள், அடுத்த கூட்டத்தில் பட்டியல் வேண்டும்" என்று போட்டால் முடியும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடும். உங்கள் ஊர் எதுவோ அங்கே போங்கள், போவதற்கு முன் சங்ககிரியில் ஒரு லாரி சங்கத்துக்காரரிடமும் மலையில் ஒரு தோட்டக்காரரிடமும் பேசிவிட்டுப் போங்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதவையுங்கள். பாதிப் பேர் எழுந்து போனபிறகு எழுதிக்கொள்கிறோம் என்பார்கள், விட வேண்டாம், கூட்டம் இருக்கும்போதே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நகலுக்கு அன்றே மனு கொடுத்துவிடுங்கள். எட்டு வழிச்சாலைக் காலத்தில் ஊர்க்காரர்கள் இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள்.